லொறி தந்த அண்ணை

நெடுங்கேணி
மே 12

வன்னி மாவட்ட மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினர் திருமதி தயாளினி விஜிதரன் அவர்களுக்கு, அவருடைய மாடுகளை இன்று காலையும் அவிழ்த்துக் கட்டிய கணவன் எழுதிக்கொள்வது.

கோபிக்காதேயும். நேற்று நீர் சொன்னது சரிதான். நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் நல்லபடி தொடங்கி, பசளை விலையில் தடக்கி, சண்டையில் போய் முடிக்கிறோம். சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்று மனைவியோடு சண்டை பிடிக்கிற ஒரேயொரு மனிதன் இந்த ஊரில் நான்தான். குளிக்க வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்கிறார்கள். ஆகவே உமது சொற்படி, அவசரம் என்றால் தொலைபேசி, மனதில் உள்ளது என்றால் கடிதம். கொழும்பு பஸ் கொண்டக்டர் நிருஷனிடம் கொடுத்தால் விடிய உமது கைக்கு வந்துவிடும். இதோடு உழுத்தம்மாவும் ஒரு போத்தல் தேனும் இருக்கின்றன.

உமது ஏப்ரல் மாத றிப்போட்டைக் கமக்காரர் அமைப்புக் கட்டடத்துப் பலகையில் ஒட்டிவிட்டேன். எந்தச் சட்டத்துக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு, ஏன் என்று நீர் எழுதியது மேலே. தேர்தலில் யார் யார் என்னென்ன உதவி செய்தார்கள் என்பது அடியில். போன முறை கோதுமைமாப் பசையின் வாசத்துக்கு ஆடு வந்து, நீர் வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்த இடம் வரைக்கும் மென்றுவிட்டது அல்லவா? இந்த முறை பசைக்குள் வேப்பெண்ணெய் விட்டேன். ஆடு மணந்து பார்த்துவிட்டு, எதிர்க்கட்சிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது.

பக்கத்து வயல் இளையதம்பியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதும் வாசித்தார். "பிள்ளை ஒரு நாளும் சபைக்கு வரேல்லை எண்டு இதில இல்லை. என்ர பேரன்ர பள்ளிக்கூட றிப்போட்டில இப்பிடி ஒரு மாசம் காட்டு பாப்பம்" என்றார். பரமேஸ்வரன் அண்ணையும் தன்னுடைய நெல் மில் அலுவலாகப் புதுக்குடியிருப்பில் இருந்து வந்த இடத்தில் நின்று பார்த்தார். தன்னுடைய பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, "ஒரு லொறி குடுத்ததுக்கு மாதாமாதம் என்ர பேரைச் சுவரில ஒட்டுது தங்கச்சி. கலியாண நோட்டீசில கூட என்ர பேர் இவ்வளவு நாள் நிக்கேல்லை" என்று சிரித்தார்.

ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். நீர் எம்.பி. ஆன பிறகு வருகிற முதல் பொங்கல். உமது மகள் அனோஜா இப்போதே பானை பார்த்து வைத்துவிட்டாள்.

உமது
விஜி


மாதிவெல
மே 17

என்னப்பா,

மாடு அவிழ்த்துக் கட்டியதற்கு பாராளுமன்றத்தின் சார்பில் நன்றி. உழுத்தம்மாவைக் கிண்டி, இந்த எம்.பி.மார் குடியிருப்பில் பக்கத்து வீட்டு எம்.பி.யின் மனைவிக்கும் கொடுத்தேன். சிங்களம் அரைவாசி, தமிழ் அரைவாசி, மிச்சம் கையசைவு என்று நாங்கள் நல்ல சிநேகிதிகள் ஆகிவிட்டோம். எங்கள் கட்சிகள் சபையில் கத்திக்கொள்ளும். நாங்கள் குசினிக் கதவடியில் கறி மாற்றிக்கொள்வோம்.

இப்போது பெரிய செய்தி. கழிவுச் சட்டம் வருகிறது.

நம்ப முடிகிறதா? நெல் கொண்டுபோகிற ஒவ்வொருவரிடமும் ஈரம், பதர், சாக்குப் பாரம் என்று சாட்டுச் சொல்லி மூட்டைக்கு மூட்டை வெட்டுகிறார்களே, அந்தக் கழிவு. ஈரத்தைக் கருவியில் அளந்து, விற்கிறவருக்குக் காட்டாமல் இனி ஒரு கிலோவும் வெட்டக்கூடாது என்கிறது சட்டமூலம். களஞ்சியத்தில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்று மில்காரர் மாதாமாதம் வெளியில் சொல்லவும் வேண்டும். குழுவில் நான் நான்கு தரம் எழும்பிப் பேசியதில் ஒரு வசனம் அப்படியே சட்டமூலத்துக்குள் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

இது என் முதல் வாக்குறுதி. எங்கே நின்று கொடுத்தேன் என்று நினைவிருக்கிறதா? புதுக்குடியிருப்புச் சந்தியில், பரமேஸ் அண்ணையின் லொறியில் ஏறி நின்று. கீழே அவர் நின்று கை தட்டினார். மில் வைத்திருக்கிறவரே தட்டுகிறாரே என்று எனக்கு அப்போது சிரிப்பு. தேர்தல் மேடையில் எல்லாரும் சொல்கிறதுதானே என்று அவர் தட்டினார். நான் அதைச் செய்துவிடுவேன் என்று பாவம் அவர் எதிர்பார்க்கவில்லை.

வாக்கெடுப்பு ஜூன் பத்து, செவ்வாய்க்கிழமை. பொங்கலுக்கு அடுத்த நாள். நாட்காட்டியைப் பார்த்ததும் அழுகை வந்தது. என்ன செய்வது என்று பார்ப்போம்.

அண்ணைக்கு நானே சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். உங்கள் வாயில் ஒரு நெல்மணி நனையாது.

அனோஜாவைக் கணக்குப் பாடத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
தயா


நெடுங்கேணி
மே 25

என் அன்பான தயாவுக்கு,

நீர் நலமாக இருக்க அம்மன் அருள் புரியட்டும். இங்கே சிறுபோக விதைப்பு முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடுகிறார்கள். சிவப்பி மாடு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. அனோஜா நன்றாகப் படிக்கிறாள்.

தயா, நீர் பொங்கலுக்குக் கட்டாயம் வர வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அனோஜாவுக்குக் காய்ச்சல் வந்து, அவள் பிழைத்தால் ஆண்டு தவறாமல் பொங்குவேன் என்று நேர்ந்தவர் நீர்தான். ஒரு ஆண்டும் தவறவிட்டதில்லை. முதல் கைப்பிடி அரிசியை நீர் போடாமல் பானை எப்படிப் பொங்கும்? எனக்கும் உம்மைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

பஸ்ஸில் நசிபட்டு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாதிவெலக்கு ஒரு வான் வரும். குளிரூட்டிய வான், காலை நீட்டிக்கொண்டு வரலாம். திங்கள் பொங்கல். செவ்வாய் வீட்டில் ஆறுதலாக இரும். புதன் விடிய அதே வானில் திரும்பிப் போகலாம். பாராளுமன்றம் எங்கேயும் ஓடிவிடாது.

உம்மை யார் குறை சொல்லப் போகிறார்கள்? பொங்கலுக்கு ஏன் போனாய் என்று கேட்கிற ஒரு மனிதன் வன்னியில் இருக்கிறானா? றிப்போட்டில் 'வற்றாப்பளைப் பொங்கல்' என்று ஒரு வரி எழுதினால் இளையதம்பியர் கையெடுத்துக் கும்பிடுவார். வராமல் விட்டால்தான் கதை. எம்.பி. ஆனதும் அம்மனை மறந்துவிட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

வருவீர் என்று அனோஜாவுக்குச் சொல்லிவிட்டேன்.

உமது
விஜிதரன்


மாதிவெல
மே 28

என்னப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்து அழுதேன். என்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதே இல்லை, கலியாணத்துக்கு முதல் கூட எழுதவில்லை. இரண்டாம் தரம் வாசிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். மூன்றாம் தரம் கோபத்தோடு வாசித்தேன்.

இருபது வருடமாக உங்களோடு வாழ்கிறேன். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும், கதைக்கிற ஒவ்வொரு கதையிலும் பரமேஸ் அண்ணை எங்கேயாவது வந்து நிற்பார். சிரிப்பார், ஏசுவார், தேத்தண்ணி குடிப்பார். இந்தக் கடிதத்தில் மாடு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, இளையதம்பியர் இருக்கிறார். அண்ணையை மட்டும் காணவில்லை. நான் எழுதிய கழிவுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் புதைக்கிற கெட்டித்தனம் உங்களுக்கு இல்லையப்பா. உங்களை நான் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பஸ் ஆள். வானுக்குக் கொடுக்கிற காசில் இரண்டு மூட்டை பசளை வாங்கலாம் என்று என் தேர்தலிலேயே சைக்கிளில் திரிந்தவர். உங்களுக்கு எங்கே இருந்து வந்தது குளிரூட்டிய வான்? ஏன் அது புதன்கிழமைதான் திரும்புகிறது? நான் திங்கள் இரவே திரும்பக்கூடாதா?

அண்ணை வந்தாரா? என்ன சொன்னார்? ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். நான் கோபமாக இருக்கிறேன் என்பதற்காகக் குறைத்து எழுத வேண்டாம்.

தயா


நெடுங்கேணி
ஜூன் 1

தயா,

அண்ணை வந்தார்.

நான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சட்டமூலம் வருகிறது என்று பேப்பரில் வந்துவிட்டது. அவர் காரை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். ஊர் கண்ணில் படாமல் வந்திருக்கிறார் என்று அதைப் பார்த்ததுமே விளங்கியது. முற்றத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே கதைத்தார். குடிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, தங்கச்சியிட்ட நான் ஒண்டும் கேக்க வரேல்லை. கேக்கவும் மாட்டன். ஆனா எங்கட மில் சங்கக் கூட்டத்தில என்ன நடந்தது எண்டு கேள். மில்காரர் எல்லாரும் இருந்தவை. ஒருத்தன் எழும்பி, 'எங்கட தலைவர் தன்ர கழுத்துக்குத் தானே கயிறு வாங்கி, அதை ஏத்தி இறக்க லொறியும் குடுத்தவர்' எண்டான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சன், வேற என்ன செய்ய? எதிர்த்து வோட் போடச் சொல்லேல்லை. தங்கச்சி அண்டைக்கு அங்க இல்லாட்டிக் காணும். எம்.பி. பொங்கலுக்குப் போட்டா எண்டா ஆரும் வாய் திறக்கமாட்டினம். நான் வான் அனுப்புறன்."

அவ்வளவுதான். போகும்போது, நான் கேட்டதாகச் சொல்லாதே என்றார்.

நான் ஏன் மறைத்தேன் என்று நீர் கேட்பீர். எங்கள் மணவறையை நினைத்துத்தான் மறைத்தேன். உமக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் எழுதினால்தான் என் மனம் ஆறும். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து காட்டு ஓரத்தில் குடியேறிய ஆட்களின் வீட்டுக்குப் பிள்ளை கொடுக்கமாட்டேன் என்று உமது அப்பா கலியாணத்துக்கு வராமல் முத்தையன்கட்டு ஊரிலேயே இருந்துகொண்டார். உமது பக்கத்தில் ஒருவரும் இல்லை. தாரை வார்க்க யார் என்று ஐயர் இரண்டு தரம் கேட்டார். சபை முழுக்க நிலத்தைப் பார்த்தது. அப்போது பரமேஸ் அண்ணைதான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பி வந்தார். அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா செம்போடு பின்னால் வந்தார். என் கைக்குள் உமது கையை வைத்துத் தண்ணீர் ஊற்றியது அவருடைய கை. அந்தக் கை என்னுடைய முற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, நான் எப்படி இல்லை என்று சொல்வேன்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர் இல்லாவிட்டாலும் சட்டம் நிறைவேறிவிடும். அரசாங்கத்திடம் ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். உமது ஒரு கையால் அங்கே ஒன்றும் கூடப் போவதும் இல்லை, குறையப் போவதும் இல்லை. இங்கே ஒரு மனிதனின் மானம் மிஞ்சும்.

உம்மைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று எழுதியது மட்டும் வானுக்காக எழுதியதில்லை. அதை நம்பும்.

விஜி


மாதிவெல
ஜூன் 5

என்னப்பா,

அதை நம்புகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

மணவறையை நான் மறக்கவில்லை. அண்ணை தாரை வார்த்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர், "நிமிந்து இரு பிள்ளை, நீ ஒரு பிழையும் செய்யேல்லை" என்று சொன்னது உங்களுக்குத் தெரியாது. ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். நேற்று அதை நினைத்துக்கொண்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாகேஸ்வரி அக்காதான் எடுத்தார். "அவர் குளிக்கிறார் தங்கச்சி" என்றார். பக்கத்தில் அண்ணை இருமுவது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் அது தெரியும். இரண்டு பேரும் சும்மா மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தோம்.

பொங்கலுக்கு வந்துவிட்டு இரவோடு இரவாக பஸ் ஏறினால் என்ன என்றும் யோசித்தேன். பொங்கல் சனத்துக்குள் பஸ் ஏற முடியாமல் போனாலோ, வழியில் ரயர் வெடித்தாலோ, செவ்வாய்க்கிழமை நான் இங்கே இருக்கமாட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? ரயர் வெடிக்கட்டும் என்று என் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அதனால்தான் வருவதில்லை என்று முடிவெடுத்தேன். அம்மனைச் சாட்டுக்கு இழுக்க நான் ஆயத்தமில்லை. அவளே ஒரு காலத்தில் சிலம்போடு அரசன் சபையில் போய் நின்று நியாயம் கேட்டவள். நான் சபையில் நிற்கிறேன் என்று கோபிக்கமாட்டாள். ஊர் கோபிக்கும். அதை நீங்கள் தாங்க வேண்டும், அதுதான் எனக்குக் கவலை.

என் ஒரு கையால் ஒன்றும் ஆகாது என்கிறீர்கள். அப்படியென்றால் அண்ணை ஏன் வான் அனுப்புகிறார்?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், நேராகப் பதில் சொல்லுங்கள். அண்ணையின் மில்லில் எங்களுடைய நெல்லுக்குக் கழிவு வெட்டுகிறார்களா? போன மாரி அறுவடைக்கு நீங்கள் நெல் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. இளையதம்பியர் அதே மில்லுக்குக் கொடுத்துவிட்டு அன்று தலையைக் குனிந்துகொண்டு போனதும் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது என்று நினைக்கிறேன்.

முதல் கைப்பிடி அரிசியை அனோஜா போடட்டும். அவளுக்காக நேர்ந்த பொங்கல்தானே. என்னுடைய பச்சைச் சேலையை அலுமாரியில் இருந்து எடுத்துக் கட்டச் சொல்லுங்கள். கோயிலில் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுத்த நாளில் இருந்து நானும் இங்கே மச்சம் தொடவில்லை. பக்கத்து வீட்டு எம்.பி. மனைவி மீன் கறியோடு வந்து ஏமாந்து போனார்.

உங்கள்
தயா


நெடுங்கேணி
ஜூன் 10

தயா,

கோயிலால் விடியத்தான் வந்தோம். அனோஜா நித்திரை. இந்தக் கடிதம் வருவதற்கு முதல் உமது வாக்கெடுப்பு முடிந்துவிடும். ஆகவே உம்மைத் திருப்ப நான் இதை எழுதவில்லை என்று விளங்கிக்கொள்ளும்.

முதலில் உமது கேள்விக்குப் பதில். இல்லை. எங்களுக்கு வெட்டுவதில்லை. இளையதம்பியருக்கு வெட்டுகிறார்கள். எனக்கு அது தெரியும். தங்கச்சி வீட்டு நெல் என்று அண்ணை தராசுக்காரனுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அது அன்புதான், ஆனால் அந்த அன்பை இளையதம்பியரின் சாக்கில் இருந்தும் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பொங்கலைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் எங்கள் அடுப்பும் அண்ணை வீட்டு அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில்தானே? இந்த முறை நாங்கள் போகும்போது அவர்கள் தேர்முட்டிப் பக்கம் தள்ளிப் போய் அடுப்பு வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வெறும் நிலம். சனம் நிற்க இடமில்லாத கோயிலில் அந்த இடத்தை மட்டும் ஒருவரும் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போல.

"எம்.பி. வரேல்லையோ?" என்று வந்தவர் போனவர் எல்லாம் கேட்டார்கள். "நாளைக்கு வாக்கெடுப்பு" என்றேன். ஒரு மனிசி, "அம்மனை விட வாக்கெடுப்புப் பெரிசோ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் குனிந்து அடுப்பை ஊதினேன். இளையதம்பியர் எங்கே நின்றாரோ தெரியாது, விறகோடு வந்தார். "இஞ்ச பொங்கிற அரிசிக்குக் குடுத்த நெல்லிலயும் நிறுத்தவன் கழிவு வெட்டினவன். அந்தப் பிள்ளை அதைக் கேக்கத்தான் அங்க நிக்குது. அம்மனுக்கு விளங்கும், உனக்குத்தான் விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு, எங்கள் அடுப்புக்கு விறகைத் தள்ளினார்.

அனோஜா உமது சேலையைக் கட்டி, முதல் கைப்பிடி அரிசி போட்டாள். பானை கிழக்குப் பக்கம் நுரைத்துப் பொங்கி வழிந்தது. நாங்கள் இறக்கி வைத்த நேரம் நாகேஸ்வரி அக்கா சனத்துக்குள்ளால் வந்து, பிள்ளைக்குத் திருநீறு பூசி, "கொம்மாவிட்ட இதைக் குடு" என்று ஒரு பொட்டலம் தந்தார். அண்ணை தூரத்தில் நின்றார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அக்கா திரும்பிப் போகும் வரைக்கும் தன்னுடைய அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

பொட்டலத்தை இதோடு அனுப்புகிறேன். நான் திறக்கவில்லை.

விஜி


மாதிவெல
ஜூன் 12

என்னப்பா,

பொட்டலத்தில் திருநீறும், கொஞ்சம் பொங்கலும். பொங்கல் வழியில் புளித்துவிட்டது. புளித்த பொங்கலை நின்ற நிலையில் முழுவதும் சாப்பிட்டேன்.

சட்டம் நிறைவேறிவிட்டது. மணி அடித்து வாக்கெடுப்புக்குக் கூப்பிட்டதும் பொத்தானை அழுத்தினேன். மின்பலகையில் என் பெயருக்கு நேரே ஆதரவு என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் மேசையில் தட்டினார்கள். புதுக்குடியிருப்புச் சந்தியில் அண்ணை தட்டியது மாதிரி இருக்கவில்லை. நீங்கள் சொன்னது சரி, நான் இல்லாவிட்டாலும் அது நிறைவேறியிருக்கும். ஆனால் நான் இல்லாமல் நிறைவேறியிருந்தால், அடுத்த முறை இளையதம்பியருக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன்?

மாதம் முடியும் வரைக்கும் பார்த்திராமல் றிப்போட்டை இதோடு அனுப்புகிறேன். கழிவுச் சட்டத்துக்கு நேரே நான் எழுதியது இது:

"ஆதரவு. இது என் முதல் வாக்குறுதி. இந்தச் சட்டத்தால் நட்டப்படுகிறவர்களில் ஒருவர் திரு. பரமேஸ்வரன். தேர்தலில் எனக்கு லொறி தந்தவர். என் திருமணத்தில் தாரை வார்த்தவரும் அவரே."

எழுதாமல் விடலாம். விட்டால், அடியில் இருக்கிற அவருடைய பெயரைப் பார்த்துச் சனம் தன்பாட்டில் கதை கட்டும். ஆனால் ஊரோடு ஊராக நின்று அவர் இதைப் பலகையில் வாசிக்கக்கூடாது. ஒட்டுவதற்கு முதல் கொண்டுபோய் அவருடைய கையில் கொடுங்கள். ஏசினால் வாங்கிக்கொள்ளுங்கள். என்னை வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்னால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதுதான் எனக்குப் பயம். அப்பா சாத்திய கதவை நான் தாங்கியது, இந்தக் கதவு திறந்திருந்ததால்தான்.

தயா


நெடுங்கேணி
ஜூன் 17

தயா,

றிப்போட்டை நான் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பதறாதேயும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பஸ் நிலையம் போய், அங்கே இருந்து புதுக்குடியிருப்புக்குப் போனேன். அண்ணை மில்லில்தான் இருந்தார். மெசின் இரைச்சலில் நான் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை, காகிதத்தை நீட்டினேன். வாங்கி வாசித்தார். பிறகு கையைக் காட்டி மெசினை நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டியதும் அப்படியொரு அமைதி. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். அவர் முதலில் இருந்து இன்னொரு தரம் வாசித்தார்.

"நட்டப்படுகிறவர் எண்டு எழுதியிருக்கிறாள். அது மெய்தான்" என்றார். காகிதத்தை ஒரு மூட்டையின் மேல் விரித்தார்.

"எல்லாம் சரி. ஆனா ஒழுங்கு பிழை" என்றார். விரலை உமது எழுத்தில் வைத்தார். "தாரை வாத்ததை முதல் எழுதச் சொல்லு. லொறி பிறகு வரட்டும். லொறி ஆரும் குடுப்பினம்."

நான், வருகிற அறுவடைக்கு எங்களுடைய நெல்லையும் மற்றவர்களுடையது மாதிரியே நிறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நீயுமோ?" என்றார். "இளையதம்பியருக்கு எப்பிடியோ அப்பிடி அண்ணை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தராசுக்காரனை ஒரு காரணமும் இல்லாமல் ஏசினார்.

கேற் வரைக்கும் என்னோடு வந்தார். பஸ் வரும் வரைக்கும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் தெரிந்ததும் சொன்னார்.

"அடுத்த எலக்சனுக்கு லொறி வராது. அதைத் தெளிவாச் சொல்லிப்போடு. தீவாளிக்கு மூண்டு பேரும் வீட்டை வாங்கோ. வராட்டி நாகேஸ்வரி என்னைத்தான் பேசுவா."

பஸ்ஸில் ஏறி இருந்து, ஒட்டுசுட்டான் தாண்டும் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

ஆகவே றிப்போட்டைத் திருப்பி அனுப்புகிறேன். வரியை நான் மாற்றி எழுதலாம்தான், ஆனால் அது உமது கையெழுத்தில் இருக்க வேண்டும்.

உமது
விஜி


மாதிவெல
ஜூன் 19

என்னப்பா,

உங்கள் கடிதத்தைப் பாராளுமன்ற நூலகத்தில் இருந்து வாசித்தேன். நூலகர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த பொங்கலுக்கு பஸ்ஸில் வருவேன். அதற்கு முதலும் என்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால், வான் ஒன்றும் இல்லாமல், அதை மட்டும் எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

றிப்போட்டைப் புதிதாக எழுதி அனுப்புகிறேன். என் திருமணத்தில் தாரை வார்த்தவர் என்று முதலில் எழுதினேன். அதை எழுதி முடிக்கும்போது அந்த வரியில் லொறிக்கு இடம் போதவில்லை. அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன்.

நாளைக்கே ஒட்டிவிடுங்கள். பசைக்கு வேப்பெண்ணெய் கொஞ்சம் கூட விடுங்கள். இதை ஆடு தின்னக்கூடாது.

உங்கள்
தயா